கட்டைபறிச்சானில் ஓர் உருண்டைப்பூச்சி

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, எதனைப்பற்றி எழுதுவதென்று சில நாட்கள் தயங்கியிருந்தோம். கல்லூரியை வளர்த்த பெரியோரைப்பற்றி எழுதுதற்கு எம்மினுந் தகுதியுடையோர் பலருளர். விளையாட்டிலும் நாடகத்திலும் புகழீட்டிய அக்கால மாணவரை நினைவுகூர்வாரும் உளர். யாமோ எத்துறையிலும் முன்னில்லாது, வகுப்பிற் பின்வாங்கில் இருந்தோர் கூட்டத்தைச் சேர்ந்தோம். ஆயினும், இக்கல்லூரி எமக்குப் புகட்டிய பாடமொன்று ஏறக்குறைய அறுபதாண்டு கழிந்தும் நெஞ்சை விட்டகலாது நிற்கின்றது. அப்பாடத்துக்குக் கருவியாயமைந்தது விரல்நகத்தினுஞ் சிறிய ஓர் உயிர். அதனைப்பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம். இத்துணைச் சிறிய பொருளுக்கு யூபிலி மலரில் இடமுண்டோ எனக் கேட்பார் இறுதிவரை பொறுத்தருள்க.

மாரிகாலத்திலே காட்டோரம் உக்கிக் கிடக்கும் கட்டையொன்றைப் புரட்டினால், அதன் அடியிற் சாம்பனிறமான சிற்றுயிர்கள் பல கலைந்தோடும். முதுகிலே தகடு தகடாக அடுக்கிய ஓடு, இருபுறமுங் குறுங்கால்கள், முன்னே வளைந்த இரண்டு உணர்கொம்புகள். விரலாற் சற்றே தீண்டினால் அவற்றுட் சில உடலைச் சுருட்டி மிளகுபோல உருண்டுவிடும். சிறுவராயிருந்தபோது யாம் இதனை உருண்டைப்பூச்சி என்றே அழைத்தோம். மரப்பேன் என எழுதுவாரும் உளர். மரத்தைப் பற்றி வாழ்ந்தாலும் பேனுக்கும் இதற்கும் உறவில்லை. உண்மையில் இது பூச்சியுமன்று. அது பின்னர் விளங்கும்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர்; மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் உள்ளது கட்டைபறிச்சான். கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. எம் இளமையில், விடுமுறை தோறும் பட்டினத்து இறங்குதுறையில் லாஞ்சியேறி மூதூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ அவ்வூர் சேர்வோம். அங்கே எம் அம்மப்பாவின் வளவு இருந்தது. முன்புறம் வயலும் அதற்கப்பால் களப்பும் கண்டற்செடிகளும். பின்புற வேலியைத் தாண்டினால் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. ஊரின் பெயரைப் பிரித்து நோக்குவார்க்குக் கட்டையைப் பறித்து நிலந்திருத்திய ஒருவனே கண்முன் தோன்றுவான். காடு வெட்டி வயலாக்கிய நாட்டில் அத்தகைய பெயர் பொருத்தமுடையதே. அப்பெயர் ஒருநாள் எம்மையே சுட்டப்போகின்றதென்பதை யாம் அன்று அறிந்தோமில்லை.

இப்பகுதியின் பருவங்களை அறியாதார்க்கு ஒரு சொல். திருகோணமலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யும். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையுள்ள நான்கு திங்களில், வாடைக்காற்றோடு வந்து சேரும். மாசி, பங்குனியில் நிலங் காயத்தொடங்கும். வைகாசிக்குப் பின் கச்சான் எழும். மலைநாட்டில் மழையை உதிர்த்துவிட்டு வெறுங்காற்றாய் இறங்கிவரும் அக்கச்சான் பகலெல்லாம் வீசி, குளத்து நீரையும் இலையின் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சும். காட்டிலே சருகு மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே அங்கு வாழும் உயிர்களுக்கு ஆண்டென்பது இரண்டே கூறு: ஈரமுள்ள காலம், ஈரமற்ற காலம்.

1964 ஆம் ஆண்டு திசெம்பர்த் திங்கள் 22, 23 ஆம் நாட்களில் வீசிய சூறாவளியை இம்மலரைப் படிக்கும் முதியோர் மறந்திரார். திருகோணமலையை அலைத்த அச்சூறாவளி பின்னர் மேற்கே சென்று, தனுக்கோடியைக் கடலுக்கு இரையாக்கியது. அன்றிரவு எம் அம்மப்பாவின் வளவில், பின்வேலியோரம் நின்ற முதிய நாவல் மரம் வேரோடு சாய்ந்தது. கிளைகளை விறகுக்கு வெட்டிய பின் அடிமரம் அப்படியே கிடந்தது. இரண்டு மூன்று மாரி கழிய அதன் பட்டை கழன்று, உட்புறம் உக்கி, மேலெல்லாங் காளான் பூத்தது. யாம் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பிற் படிக்கத் தொடங்கிய காலம் அது.

விலங்கியல் ஆசிரியர் எம் ஒவ்வொருவரையும் விடுமுறையில் ஏதேனும் ஓர் உயிரைக் கவனித்துக் குறிப்பெழுதி வரும்படி பணித்திருந்தார். ஏனையோர் மயிலென்றும் மரையென்றும் மரங்கொத்தியென்றும் தெரிந்தெடுத்தனர். யாம், நடந்து அலைய மனமின்றி, வீட்டுப் பின்புறத்துக் கட்டையடியிலிருந்த உருண்டைப்பூச்சியைத் தெரிந்தெடுத்தோம். சோம்பலே எமது ஆராய்ச்சிக்கு வித்தாயிற்றென்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

ஐப்பசியின் முதன்மழை பெய்து நாலைந்து நாளில் அவ்வுயிர்கள் கட்டையின் மேற்புறத்திலே காணப்பட்டன. கார்த்திகையில் மாலை மங்கியதும் சருகின்மேல் வெளிப்படையாக உலாவின. மார்கழியில் அவற்றினிடையே எள்ளுப்போன்ற வெண்குஞ்சுகள் தோன்றின. தையின் பின் எண்ணிக்கை குறைந்தது. சித்திரை விடுமுறையிற் பட்டைக்குள்ளே ஒன்றிரண்டையே கண்டோம். ஆவணியிற் கட்டையைச் சுற்றிப் பார்த்தோம், ஒன்றேனும் இல்லை. இவற்றையெல்லாம் நாள்குறித்து எழுதி, ஈற்றிலே முடிவொன்றும் வரைந்தோம்: "இவ்வுயிர் கோடையில் முற்றாக அழிந்துபோகும், மழை பெய்ததும் உக்கிய மரத்திலிருந்து மீளத் தோன்றும்." பெரியதோர் உண்மையைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு குறிப்பேட்டைக் கையளித்தோம்.

ஆசிரியர் அதனை வரிவரியாகப் படித்தார். எள்ளி நகைத்திலர், சிவப்பு மையினாற் கோடிட்டாருமிலர். குறிப்பேட்டை மூடி எம் கையிலே தந்து, "தம்பி, நீ கண்டதெல்லாம் சரி. காணாததைப்பற்றி எழுதியதுதான் பிழை. ஆவணியிற் கட்டையைச் சுற்றிப் பார்த்தேன் என்கிறாய். கட்டையைப் புரட்டினாயோ? அதன் கீழுள்ள மண்ணைக் கிண்டினாயோ?" என்றார். யாம் தலைகுனிந்து நின்றோம். "அடுத்த கச்சான் காலத்திற் போய் கிண்டிப் பார். அதுவரை இம்முடிவை வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிச் சென்றார்.

அடுத்த ஆண்டு ஓகத்து விடுமுறையில் அம்மப்பாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குச் சென்றோம். அடிமரத்தைப் புரட்ட எம் சிறிய மாமனாரின் துணை வேண்டியிருந்தது. அதன் கீழே மண் வெடித்துக் கிடந்தது, உயிரொன்றுங் காணோம். எம் கூற்றே மெய்யென ஒரு கணம் மகிழ்ந்தோம். பின்னர் மரம் பெயர்ந்த வேர்க்குழியின் ஓரமாக ஒரு முழ ஆழம் வரை கிண்டினோம். அங்கே உக்கிய வேரொன்று குழல்போல் உள்ளே வெறுமையாயிருந்தது. அதனைப் பிளந்தபோது, ஒரு சிரட்டை நிறையத்தக்க உருண்டைப்பூச்சிகள் ஒன்றன்மேலொன்றாக ஒட்டிக் குவிந்திருந்தன. வெயில் பட்டதும் அக்குவியல் மெல்ல அசைந்தது. வெளியே கச்சான் அனலை அள்ளி வீச, அவ்வேரின் உட்புறமோ விரலுக்குக் குளிர்ந்திருந்தது. எம் வாழ்நாளில் யாங் கண்ட காட்சிகளுள் அதற்கிணையானவை சிலவே. வேரை முன்போற் பொருத்தி மண்ணிட்டு மூடினோம்.

திரும்பிவந்து செய்தியைச் சொன்னபோது ஆசிரியர் முகம் மலர்ந்தது. அன்று மாலையே எம்மிற் சிலரைக் கோணேசர்மலை அடிவாரத்துப் பாறைகளுக்கு அழைத்துச் சென்றார். அலை மோதும் பாறையிடுக்குகளிலே, நீளமான கொம்பும் வாலிழையும் உடைய சாம்பனிற உயிர்கள் எம் நிழல் பட்டதும் விரைந்தோடி மறைந்தன. "இவை உன் உருண்டைப்பூச்சியின் தமையன்மார். இவர்களுக்குத் தமையன் இறால்" என்றார் ஆசிரியர்.

அன்று யாம் கேட்டதையும் அதன்பின் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துரைப்போம். உருண்டைப்பூச்சி, நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பினுள் கால்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவினவாயுள்ள ஒத்தகாலிகள் என்னும் வரிசைக்கு உரியது. இவ்வரிசையின் பெரும்பாலன கடல்வாழ்வன. மீனின் வாய்க்குள்ளும் பூவுக்குள்ளும் ஒட்டியிருப்பவற்றை மீன் துப்புரவு செய்வோர் கண்டிருப்பர். வங்காள விரிகுடாவின் ஆழத்திலே ஒரு சாணுக்கு மேற்பட வளரும் பேருருவினவும் உள. இவ்வரிசையில் ஒரு கிளை மட்டும் கடலைத் துறந்து கரையேறிற்று. ஓட்டுடலிகளுள் வாழ்நாள் முழுவதையும் நிலத்திலேயே கழிக்கும் ஆற்றலை இக்கிளையைப்போற் பெற்றவை வேறில்லை. நிலநண்டுங்கூட முட்டையிடக் கடலுக்குச் செல்கின்றதன்றோ? நிலவாழ் ஒத்தகாலிகளில் இன்று 3,700 க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. உருளும் இயல்புடைய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த கியூபாரிசு என்னும் பேரினத்துக்கு 1833 இற் பிராண்ட் என்பார் பெயரிட்டார். அப்பேரினத்து உயிர்கள் வெப்பநாடுகள் பலவற்றிலே பரந்து வாழ்கின்றன. பாறைகளில் ஓடியனவோ லிகியா என்னும் பேரினத்தன. அவற்றுளொன்றை 1828 இல் ரூ என்பார் மார்செயில்சுத் துறைமுகத்திற் கண்டு, அயல்நாட்டினதென்னும் பொருள்பட 'எக்சோதிக்கா' எனப் பெயரிட்டார். மரக்கப்பல்களோடு துறைமுகந்தோறுஞ் சென்று குடியேறியதென்பர். கப்பல்களால் வளர்ந்த எம் பட்டினத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

கரையேறிற்றேயன்றிக் கடலை அது முற்றாகத் துறந்ததில்லை. தாய் தன் முட்டைகளை மண்ணிலோ நீரிலோ இடுவதில்லை. மார்பின் அடிப்புறத்தே தகடுகளாலமைந்த ஒரு பையினுள் நீர் நிறைத்து, அதிலே முட்டைகளைச் சுமந்து பொரிக்கும். கடலை விட்ட இனம், தன் மக்களுக்காக ஒரு துளிக் கடலை வயிற்றின் கீழே கட்டிச் சுமக்கின்றதென்க. பைவிட்டு வெளிவரும் குஞ்சுக்கு ஆறிணைக் கால்களே உண்டு. ஏழாமிணை பின்னர்த் தோலுரிக்குங்கால் தோன்றும். முதிர்ந்த உயிருக்குப் பதினான்கு கால்கள். தோலுரிப்பதிலும் ஒரு விநோதமுண்டு. முதலிற் பின்னரையின் ஓட்டைக் கழற்றி, சில நாட்கள் சென்றபின் முன்னரையினதைக் கழற்றும். பாதி வெண்மையும் பாதி கருமையுமாக ஒன்றை யாங் கண்டு, நோயுற்றதென்று குறிப்பேட்டில் எழுதியதுமுண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள காடுகளில், தீண்டியதும் பளிங்குக்குண்டுபோல உருளும் பெரிய உயிரொன்றுண்டு. அது மரவட்டையின் இனத்தது. ஆர்த்திரோசுபீரா என்னும் பேரினத்தது. உருள்வது ஒன்றாயினும் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. ஐயமுற்றால் அது விரியும்வரை காத்திருந்து கால்களை எண்ணுக. பதினான்காயின் இறாலின் உறவு. நாற்பதின் மேலாயின் மரவட்டையின் உறவு.

இனி, அதன் துன்பத்துக்கும் பருவத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்வோம். பூச்சிகளின் மேற்றோலிலே நீர் கசியாவண்ணம் மெழுகுப்படையொன்று உண்டு. உருண்டைப்பூச்சிக்கு அத்தகைய காப்பு இல்லை. அது சுவாசிக்கும் உறுப்புக்களோ அடிவயிற்றுத் தகடுகளில் உள்ளன. காட்டில் வாழும் இனங்கள் பலவற்றில் அத்தகடுகளினுள்ளே வெண்புள்ளிபோலத் தோன்றும் காற்றறைகள் உண்டு; கடற்பாறையில் வாழும் லிகியாவுக்கு அவையும் இல்லை. எவ்வாறாயினும் அவ்வுறுப்புக்கள் ஈரமாயிருத்தல் வேண்டும். எட்னி என்னும் அறிஞர் 1950களில் இவ்வுயிர்கள் உடல்நீரை இழக்கும் விதத்தை அளந்து ஆராய்ந்து, நிலவாழ்வில் இவற்றின் வெற்றி உடலமைப்பினாலன்றி நடத்தையினாலேயே பெரிதும் ஆயதென்று காட்டினார். அதாவது, காய்ந்த இடத்தை விட்டு நீங்கத் தெரிந்ததனாலேயே இவை வாழ்கின்றன.

நீங்கத் தெரிந்ததென்றோம். எவ்வாறு தெரிந்தது? இதற்கும் எம் கல்லூரி ஆய்வுகூடத்திலே விடை கிடைத்தது. கண்ணாடித் தட்டொன்றை நடுவே பிரித்து, ஒருபுறம் ஈரப் பஞ்சும் மறுபுறம் நீரை உறிஞ்சும் கல்சியங் குளோரைட்டும் இட்டு, மேலே வலை பரப்பி, வலையின்மீது பத்து உயிர்களை விட்டோம். உலர்ந்த பக்கத்தில் அவை ஓயாது ஓடின. ஈரப்பக்கம் வந்தவை நடைதளர்ந்து நின்றன. சிறிது நேரத்தில் ஏறத்தாழ எல்லாமே ஈரப்பக்கத்திற் கூடிவிட்டன. கன் என்பார் 1937 இல் இத்தகைய சோதனையை விரிவாகச் செய்து வெளியிட்டார். ஈரம் எங்கேயென்று அவ்வுயிர் அறிந்து செல்வதில்லை. காய்ந்தவிடத்து நிற்கமுடியாமல் ஓடும். ஈரங் கண்டவிடத்து ஓய்ந்து நிற்கும். அவ்வளவே. ஆனால் அவ்வளவே போதுமானதாயிருக்கின்றது.

வேரினுள்ளே அவை குவிந்திருந்ததன் காரணமும் பின்னர் விளங்கிற்று. சிக்காக்கோவில் ஆராய்ந்த வாடர் அலீ என்பார், தனித்திருக்கும் உயிரினும் கூடியிருக்கும் உயிர் மெதுவாகவே நீரை இழக்கின்றதென்று 1926 இற் காட்டினார். ஒன்றன் உடல் மற்றொன்றன் உடலுக்கு மறைப்பாகின்றது. ஆபிரிக்காவினதும் மேற்காசியாவினதும் பாலைநிலங்களில் வாழும் எமிலெப்பித்தசு என்னும் இனமோ இதனினும் ஒருபடி மேலே சென்றது. தாயுந் தந்தையும் வளை தோண்டி, மக்களோடு அதில் வாழ்ந்து, வாயிலில் முறைவைத்துக் காவல்புரியும். தம் குடும்பத்தவரை மணத்தால் அறிந்து அயலாரை உட்புகவிடா. செருமானிய அறிஞர் லின்சென்மயர் இவற்றை ஆண்டுகள் பலவாக ஆராய்ந்துள்ளார். எங்கும் விதி ஒன்றே: வறட்சியைத் தனியொருவராய் வெல்லுதல் அரிது.

இவற்றால் ஆகும் பயன் யாதென்று உழவர் ஒருவர் எம்மைக் கேட்டார். உதிர்ந்த இலையையும் உக்கிய மரத்தையும் தின்று பொடியாக்கி, காளானுக்கும் நுண்ணுயிருக்கும் வழிதிறந்து, மண்ணுக்கு உரமாக்குவதே இவற்றின் தொழில். இவற்றின் இரத்தம், நண்டின் இரத்தம்போலவே, செம்பைக்கொண்டு உயிர்க்காற்றைத் தாங்குகின்றது. உக்கிய இலையிற் செம்பு அரிது. ஆகவே தம் கழிவையே மீண்டும் உண்டு, அதனுள் எஞ்சிய செம்பையும் பெற்றுக்கொள்ளும். எதனையும் வீணாக்காத இவ்வுயிரைப் பார்த்து எம்மனோர் கற்கவேண்டியதும் உண்டு.

இதுவரை சொன்னவை பள்ளிப்பாடம். அப்பாடத்தை யாமே மறந்து பிழைசெய்த வரலாறு இனி வருவது.

அரசாங்க உத்தியோகம் எம்மைப் பல மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. அம்மப்பா காலமானார், வளவு எம் கைக்கு வந்தது. நாட்டிலே போர் மூண்டது. 2006 ஆம் ஆண்டு ஓகத்துத் திங்களில் மூதூர்ப் பிரதேசம் போர்க்களமாயிற்று. கட்டைபறிச்சான் மக்களும் இடம்பெயர்ந்தனர். அண்டைக் கிராமமாகிய சம்பூரின் மக்கள் 2015 ஆம் ஆண்டு வரை முகாம்களில் வாழ்ந்தனர். அம்முகாம்களுள் ஒன்று கட்டைபறிச்சானிலேயே இருந்தது. போர் ஓய்ந்தபின், 2010 ஆம் ஆண்டு ஆவணியில், யாம் வளவைப் பார்க்கச் சென்றோம். வீட்டின் கூரையில்லை. வேலியில்லை. காடு முற்றத்துக்கே வந்திருந்தது. விழுந்த மரங்களும் வெட்டுண்ட மரங்களும் எங்கும் உக்கிக் கிடந்தன.

அன்று எமக்கு ஒரே எண்ணந்தான். இழந்ததை மீட்கவேண்டும், வளவு அம்மப்பாவின் காலத்திற்போலத் துப்புரவாகத் தோன்றவேண்டும். கூலியாட்களை அமர்த்தி, கட்டையெல்லாவற்றையும் பறித்து நடுவளவிற் குவித்துத் தீயிடச் சொன்னோம். அவருள் முதியவர் ஒருவர், "ஐயா, காட்டுப் பக்கத்து மூலையிற் கிடக்கிறதை விடுவோமா? அதிலே வேலை செய்ய ஒன்றுமில்லை" என்றார். புடையன் பாம்பு ஒளித்திருக்குமென்று சொல்லி, அதனையும் பறிக்கச் செய்தோம். சருகையுங் கூட்டி அள்ளி நெருப்பிலிட்டனர். மூன்று நாள் புகைந்தது. கச்சான் காற்று சாம்பலை அள்ளிச் சென்றது. ஊரின் பெயருக்கு எம்மினும் பொருத்தமான ஒருவர் அன்று இருந்திரார்.

அடுத்த ஆண்டு மார்கழியில் எம் பேரனை அங்கு அழைத்துச் சென்றோம். உருண்டைப்பூச்சியின் கதையை அவன் பலமுறை கேட்டிருந்தான். மழை விட்ட மாலைப்பொழுது, நிலமெல்லாம் ஈரம். ஒரு தீப்பெட்டியைக் கையிலே வைத்துக்கொண்டு வளவெங்கும் தேடினான். கற்களைப் புரட்டினான், வாழையடியிற் பார்த்தான். ஈற்றில் எம்மிடம் வந்து, "அப்பப்பா, நீங்கள் சொன்ன உருண்டைப்பூச்சி எங்கே?" என்றான்.

அவ்வாண்டு சனவரி, பெப்ரவரித் திங்களிற் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூடியிருந்தது. ஆகவே, "வெள்ளங் கொண்டுபோயிருக்கும்" என்றோம். சொல்லி வாய்மூடுமுன் எம் ஆசிரியரின் குரல் செவியில் ஒலித்தது: காணாததைப்பற்றி எழுதியதுதான் பிழை. பேரனின் கையைப் பற்றிக்கொண்டு, வேலியிருந்த எல்லையைக் கடந்து, காட்டோரம் பத்துப் பாகம் நடந்தோம். அங்கே கிடந்த வீரைக்கட்டையைப் புரட்டினோம். சாம்பனிறக் கூட்டம் கலைந்தோடிற்று. அதே வெள்ளம் அங்கும் நின்றதே! வெள்ளம் அவற்றைக் கொண்டுபோகவில்லை. எம் வளவில் அவற்றைக் கொண்டுபோனது யாம் இட்ட தீ.

யாம் தீயிட்டது ஆவணியில். அப்போது மேலே ஓருயிருங் காணப்படவில்லை; ஆகவே எதனையுங் கொல்கின்றோமென்ற எண்ணம் எமக்கு எழவில்லை. ஆனால் ஊரின் உருண்டைப்பூச்சி முழுவதும் கட்டையடியிலும் வேர்க்குழலிலும் ஒடுங்கியிருக்குங் காலம் அதுவேயென்று, மண்வெட்டியாற் கிண்டி அறிந்தவர் யாமே அல்லமோ? அறியாதார் செய்தால் அது அறியாமை. அறிந்து மறந்த எமக்கு அச்சொல் பொருந்தாது. பேரன் தீப்பெட்டியைத் திறந்து, காட்டோரத்து உயிர்களில் ஆறேழை அதனுள் விட்டு, "இவற்றை எங்கள் வளவிலே விடுவோம்" என்றான். "விடலாம். விட்டால் எங்கே இருக்கும்?" என்று கேட்டோம். அவன் வெறுமையான முற்றத்தைப் பார்த்தான். பின்னர்த் தானே சென்று, எடுத்த கட்டையடியில் அவற்றை விட்டு வந்தான்.

அவ்வாண்டு தொடக்கம் யாம் செய்தது சிறிய செயலே. காட்டெல்லையிலிருந்து வளவின் நடுவரை, மூன்று நான்கு பாகத்துக்கொன்றாகக் கட்டைகளை இட்டு, இடையிலே சருகு குவித்தோம். முதியவர் அதைப் பார்த்து, "பறித்ததை ஐயா திருப்பி நடுகிறார்" என்று சிரித்தார். முதல் மாரியில் எல்லையோரத்துக் கட்டையில் மட்டுமே உயிர்கள் காணப்பட்டன. அடுத்த மாரியில் அதற்கடுத்த கட்டைக்கு வந்தன. பறக்க இறகில்லாத, வெயிலிற் கடக்கவியலாத அவ்வுயிர்கள், ஈரமுள்ள இரவுகளில் மட்டும் நடந்து, ஆண்டுக்குச் சில பாகமாக எம் வளவை மீட்டுக்கொண்டன. நடுக்கட்டையை அவை அடைந்தபோது பேரன் உயர்வகுப்பு மாணவனாகிவிட்டான். யாம் ஒரு நாளில் அழித்ததை அவை மீட்க ஐந்து மாரி சென்றன. கிணற்றடியையும் வீட்டோரத்தையும் பாம்புக்கு அஞ்சித் துப்புரவாகவே வைத்திருக்கின்றோம். பின்வேலியோரம் மட்டும் கட்டைகள் கிடக்கின்றன. இரண்டுக்கும் வளவில் இடமிருக்கின்றது.

இப்போது படிக்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஓருயிரின் இருப்பிடம் யாதென்று கேட்டால், அது மிகுதியாகக் காணப்படுமிடத்தைச் சொல்லி அமையாதீர்கள். காணப்படாத காலத்தில் அது எங்கே ஒடுங்கியிருக்கின்றதென்பதையும் தேடுங்கள். மாரியிலே காடெங்கும் அதன் வீடு. கச்சானில் ஒரு முழ ஆழத்து வேர்க்குழலே அதன் வீடு. அச்சிறுவீடு போனால் பெருவீடிருந்தும் பயனில்லை. மயிலுக்கும் மரைக்கும் காடு வேண்டுமென்பதை எல்லாரும் அறிவர். உக்கிய கட்டை வேண்டிய உயிர்களுக்காகப் பேசுவார் அரியர். அவற்றைக் கவனிப்பதற்கு விலையுயர்ந்த கருவிகளும் வேண்டா. ஒரு குறிப்பேடும், கட்டையைப் புரட்டக் கையும், புரட்டியதை மீள வைக்கும் மனமும் போதும்.

பழைய மாணவராகிய எம் தோழர்க்கும் ஒரு சொல். எம் கல்லூரியுங் கச்சான் காலங்களைக் கண்டது. ஆசிரியர் குறைந்து, மாணவர் சிதறி, ஆய்வுகூடத்து அலுமாரிகள் வெறுமையாய்க் கிடந்த ஆண்டுகளில், இனி இங்கே ஒன்றுமில்லையெனப் புறத்தே நின்று பார்த்தோர் சொன்னதுண்டு. அவர்கள் கட்டையைப் புரட்டிப் பார்த்திலர். யாராலுங் காணப்படாமல், ஒருவர்க்கொருவர் ஈரமாய் ஒட்டியிருந்து, அவ்வாண்டுகளைக் கடத்தியவர்களாலேயே இன்றைய மழையில் இத்துணைத் தலைகள் வெளிப்பட்டுள்ளன. "கிண்டிப் பார்" என்று எமக்குச் சொன்ன ஆசிரியர் இன்றில்லை. அவர் மூடித்தந்த குறிப்பேடும் இடப்பெயர்விலே தொலைந்துபோயிற்று. அதன் ஈற்றில் வரைந்திருந்த பிழையான முடிவை, இம்மலரின் பக்கங்களிலே இன்று திருத்தி அவர்முன் வைக்கின்றோம்: ஐயா, அவ்வுயிர் கோடையில் அழிவதில்லை. கீழே இருக்கின்றது.

கல்லூரி நீடு வாழ்க!